உயரத்தில் ஏது மைனஸ்? இயல்நிலைப் பரவலும் இசட் மதிப்பும்

என் அக்கா எங்கள் ஊர் அங்கன்வாடியில் டீச்சர். நான் கல்லூரியில் புள்ளியியல் வகுப்பு எடுக்கும் வாத்தியார். ஒரு நாள் மதியம், பிள்ளைகள் சாப்பிட்டுவிட்டுப் பாயில் தூங்கிக்கொண்டிருந்த நேரம், பதிவேட்டை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

“தம்பி, இந்த ரெண்டு பயலுக்கும் இப்பதான் ரெண்டு வயசு முடிஞ்சிருக்கு. ஒருத்தன் 81.3 சென்டிமீட்டர், இன்னொருத்தன் 80.7. அரை விரக்கடைகூட வித்தியாசம் இல்ல. ஆனா இவன் சரியா இருக்கானாம், அவன் வளர்ச்சி குன்றினவனாம். மைனஸ் ரெண்டுக்குக் கீழ போயிட்டான்னு சூப்பர்வைசரம்மா சொல்றாங்க. உயரத்துல ஏதுடா மைனஸ்?”

இருபது வருடமாக நான் வகுப்பில் கரும்பலகை முழுக்க எழுதிப் போடும் பாடம் அவள் மடியில் கிடந்தது. பரீட்சை மதிப்பெண்ணை வைத்தே இதைச் சொல்லிக்கொடுத்து வந்தவன், அன்றிலிருந்து இந்த இரண்டு பையன்களை வைத்துத்தான் தொடங்குகிறேன். உங்களுக்கும் அப்படியே சொல்கிறேன். கூட்டல், கழித்தல், வகுத்தல் தெரிந்தால் போதும்.

உலக சுகாதார நிறுவனம் 2006-இல் குழந்தைகளின் வளர்ச்சிக்கான தரநிலையை வெளியிட்டது. அதன்படி, இரண்டு வயது முடிந்த ஆண் குழந்தை நின்றபடி அளந்தால் இருக்கவேண்டிய சராசரி உயரம் 87.1 செமீ. அக்காவின் இரண்டாவது பையன் 80.7. அதாவது 6.4 செமீ குறைவு. இந்த 6.4 பெரிய குறையா, சின்னக் குறையா?

இதற்குச் சராசரியை மட்டும் வைத்துப் பதில் சொல்ல முடியாது. உங்கள் ஊருக்கு இரண்டு பஸ் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் சராசரியாக எட்டரைக்கு வரும். முதல் பஸ் எட்டு இருபத்தெட்டு, எட்டு முப்பத்திரண்டு என்று இரண்டு நிமிடம் முன்னே பின்னே. இரண்டாவது பஸ் கால் மணி முன்னாலும் வரும், கால் மணி கழித்தும் வரும். இன்று இரண்டுமே பத்து நிமிடம் தாமதம். முதல் பஸ்சுக்குக் காத்திருப்பவர் ‘வழியில் ஏதோ ஆகிவிட்டது’ என்று போனை எடுப்பார். இரண்டாவது பஸ்சுக்குக் காத்திருப்பவர் பேசாமல் திண்ணையில் உட்கார்ந்திருப்பார். தாமதம் ஒன்றுதான், வழக்கமாக எவ்வளவு ஏறி இறங்கும் என்பதுதான் வேறு.

அந்த வழக்கமான ஏற்ற இறக்கத்தை அளக்கும் எண்ணுக்குப் பெயர் திட்ட விலக்கம். ஒவ்வோர் அளவும் சராசரியிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்று பார்த்து, அந்தத் தூரங்களை வர்க்கப்படுத்தி, அவற்றின் சராசரி கண்டு, வர்க்கமூலம் எடுத்தால் கிடைப்பது. இரண்டு வயது ஆண் குழந்தைகளின் உயரத்துக்கு அது ஏறக்குறைய 3.05 செமீ.

இப்போது சென்டிமீட்டரை விட்டுவிட்டு இந்த 3.05-ஐயே அளவுகோலாக எடுத்துக்கொள்வோம். பையன் சராசரியிலிருந்து எத்தனை ‘கோல்’ தள்ளி நிற்கிறான்?

இசட் மதிப்பு = (அளவு − சராசரி) ÷ திட்ட விலக்கம்

80.7-இலிருந்து 87.1-ஐக் கழித்தால் −6.4. அதை 3.05-ஆல் வகுத்தால் −2.10. முதல் பையனுக்கு 81.3 − 87.1 = −5.8, வகுத்தால் −1.90. அக்கா கேட்ட மைனஸ் இதுதான். கழித்தல் குறி சராசரிக்குக் கீழே என்பதைச் சொல்கிறது, எண் எத்தனை திட்ட விலக்கம் என்பதைச் சொல்கிறது. சராசரியிலேயே நிற்கும் பிள்ளைக்கு இசட் மதிப்பு 0, மேலே நிற்பவருக்குக் கூட்டல் எண். −2 என்ற கோட்டுக்கு நேரான உயரம் 87.1 − (2 × 3.05) = 81.0 செமீ. ஒருவன் அதற்கு மூன்று மில்லிமீட்டர் மேலே, இன்னொருவன் மூன்று மில்லிமீட்டர் கீழே.

“சரி, ஏன் மைனஸ் ரெண்டு? ஒண்ணரை வச்சா என்ன? மூணு வச்சா என்ன?” என்றாள். இங்கேதான் நிகழ்தகவு உள்ளே வருகிறது.

நன்றாக வளரும் ஆயிரம் இரண்டு வயதுப் பையன்களின் உயரத்தை அளந்து, ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் எத்தனை பேர் என்று கட்டம் கட்டமாக அடுக்கிப் பாருங்கள். 87-ஐ ஒட்டிய இடத்தில் அடுக்கு உயரமாக நிற்கும். இரண்டு பக்கமும் போகப் போகச் சரிந்து, 78-க்குக் கீழும் 96-க்கு மேலும் ஏறக்குறைய ஆளே இருக்காது. கட்டங்களின் உச்சியைத் தொட்டு ஒரு கோடு இழுத்தால் கோயில் மணியைக் கவிழ்த்து வைத்த வடிவம் வரும். இதைத்தான் இயல்நிலைப் பரவல் என்கிறோம்.

இந்த வடிவம் ஏன் வருகிறது? ஒரு பிள்ளையின் உயரத்தைத் தீர்மானிப்பது ஒற்றைக் காரணம் அல்ல. அப்பா வழி, அம்மா வழி வந்த நூற்றுக்கணக்கான மரபுக்கூறுகள், கருவில் கிடைத்த சத்து, தாய்ப்பால், வந்துபோன காய்ச்சல்கள் என்று ஒவ்வொன்றும் கொஞ்சம் ஏற்றும், கொஞ்சம் இறக்கும். எல்லாமே சேர்ந்து ஏற்றுவதும் அபூர்வம், சேர்ந்து இறக்குவதும் அபூர்வம். பத்து நாணயங்களைச் சுண்டிப் பாருங்கள்: ஐந்து தலை விழ 252 வழிகள் உண்டு, பத்தும் தலையாக விழ ஒரே ஒரு வழிதான். நடுவில் குவிவதற்குக் காரணம் இதுதான். ஆபிரகாம் தெ முவாவர் 1733-இல் நாணயச் சுண்டலைக் கணக்கிடும்போதே இந்த வளைகோட்டைத் தொட்டுவிட்டார். 1809-இல் கார்ல் ஃபிரெடரிக் காஸ் கோள்களின் பாதையை அளப்பதில் வரும் பிழைகளுக்கு இதையே பயன்படுத்தினார். யூரோ வருவதற்கு முன் ஜெர்மனியின் 10 மார்க் நோட்டில் காஸின் முகத்துக்குப் பக்கத்தில் இந்த மணி வளைகோடும் அச்சாகியிருந்தது. ஒரு கணக்கு வாத்தியாராக எனக்கு ரொம்பப் பிடித்த பண நோட்டு அது.

வளைகோட்டின் அடியில் இருக்கும் மொத்தப் பரப்பை 1 என்று வைத்துக்கொள்கிறோம். ஓர் இடத்துக்கு இடப்பக்கம் இருக்கும் பரப்பு எவ்வளவோ, அதுவே அந்த அளவுக்குக் கீழே ஒருவர் இருப்பதற்கான நிகழ்தகவு. மொத்தப் பாடத்தின் உயிரும் இந்த ஒரு வரியில் இருக்கிறது: நிகழ்தகவு என்பது இங்கே பரப்பு. மணி வடிவில் பரவும் அளவு எதுவானாலும் அதை இசட் மதிப்பாக மாற்றிவிட்டால் எல்லாம் ஒரே வளைகோட்டில், சராசரி 0, திட்ட விலக்கம் 1 என்று வந்து உட்கார்ந்துவிடும். அதனால்தான் ஒவ்வோர் இசட் மதிப்புக்கும் உரிய பரப்பைத் தரும் ஒரே ஓர் அட்டவணை உலகத்துக்கே போதும்.

−1 முதல் +1 வரை 68.27 சதவீதம். −2 முதல் +2 வரை 95.45 சதவீதம். −3 முதல் +3 வரை 99.73 சதவீதம். இந்த மூன்றையும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள், பாதிக் கணக்கு வாயிலேயே முடிந்துவிடும். −2-க்கும் +2-க்கும் வெளியே 4.55 சதவீதம், அதில் பாதி கீழே, 2.28. ஆக, நன்றாக வளரும் நூறு பிள்ளைகளில் இரண்டு பேரோ மூன்று பேரோதான் −2-க்குக் கீழே இருப்பார்கள். −3-க்குக் கீழே ஆயிரத்தில் ஒருவர். அக்காவின் ‘ஏன் ரெண்டு’ என்ற கேள்விக்குப் பதில் இதுதான்: அந்த அளவுக்கு அபூர்வமான உயரம் என்றால் ஒருமுறை நின்று கவனிக்கவேண்டும் என்று பேசி வைத்துக்கொண்ட கோடு. இயற்கை போட்ட கோடு இல்லை.

இனி அட்டவணையோடு சில கணக்குகள். மூன்று மாதிரிதான் வரும்.

முதலாவது, ‘இதற்குக் கீழே’. ஒரு பையன் 84 செமீ. அவனைவிடக் குள்ளமானவர்கள் நூற்றுக்கு எத்தனை பேர்? இசட் = (84 − 87.1) ÷ 3.05 = −1.02. அட்டவணையில் இடது ஓரத்தில் −1.0 என்ற வரிசையைப் பிடித்து, மேலே 0.02 என்ற பத்திக்கு வாருங்கள். 0.1539 என்று இருக்கும். நூற்றுக்குப் பதினைந்து பேர். மைனஸ் என்று பார்த்ததும் பயந்த அம்மாவுக்கு, நூறு பிள்ளைகளை உயர வரிசையில் நிறுத்தினால் உங்கள் மகன் பதினாறாவதாக நிற்பான், கவலைப்பட ஒன்றுமில்லை என்று இதை வைத்துச் சொல்லலாம்.

இங்கே ஒரு நிமிடம் நில்லுங்கள். என் மாணவர்கள் அதிகமாக வழுக்கி விழும் இடம் இது. நம் பள்ளிப் பாடநூல்களில் பின்னால் இருக்கும் அட்டவணை பெரும்பாலும் 0-இலிருந்து இசட் வரைக்கும் உள்ள பரப்பைத்தான் தரும். அதில் 1.02-க்கு 0.3461 என்று இருக்கும். சில அட்டவணைகள் இடது கோடியிலிருந்தே கூட்டி, 1.02-க்கு 0.8461 என்று தரும். இரண்டும் சரிதான், பாதியைச் சேர்த்ததா சேர்க்காததா என்பதே வேறுபாடு. வளைகோடு நடுவில் மடித்தால் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தும் என்பதால், மைனஸ் பக்கத்தில் மிச்சமிருப்பது 0.5 − 0.3461 = 0.1539. அட்டவணையைக் கையில் எடுத்ததும் 0.00-க்கு நேரே என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள். 0.0000 என்றால் நடுவிலிருந்து, 0.5000 என்றால் இடது கோடியிலிருந்து. இந்த ஒரு பார்வை எத்தனையோ மதிப்பெண்களைக் காப்பாற்றியிருக்கிறது. இன்னொன்று, கணக்கைத் தொடும் முன் ஒரு மணி வரைந்து, கேட்ட பக்கத்தைப் பென்சிலால் நிழலிட்டுக்கொள்ளுங்கள். நிழல் பாதிக்கும் குறைவாக இருந்து விடை 0.84 என்று வந்தால் தப்பு என்று கண்ணே சொல்லிவிடும்.

இரண்டாவது, ‘இதற்கு மேலே’. 92 செமீ-க்கு மேல் எத்தனை பேர்? இசட் = 4.9 ÷ 3.05 = 1.61. கீழே இருப்பவர்கள் 0.9463. மேலே இருப்பவர்கள் 1 − 0.9463 = 0.0537. நூற்றுக்கு ஐந்து பேர்.

மூன்றாவது, ‘இடையில்’. 85-க்கும் 90-க்கும் நடுவே? இரண்டு இசட் காணவேண்டும்: −0.69, 0.95. பெரிய பரப்பிலிருந்து சின்னப் பரப்பைக் கழியுங்கள்: 0.8289 − 0.2451 = 0.5838. பாதிக்கு மேற்பட்ட பிள்ளைகள் இந்த ஐந்து சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடுகிறார்கள். இசட் மதிப்புகளைக் கழித்துவிட்டு அட்டவணையைப் பார்க்கக் கூடாது, பரப்புகளைத்தான் கழிக்கவேண்டும்.

தலைகீழாகவும் போகலாம். மிகக் குள்ளமான 3 சதவீதத்தினரின் எல்லை எது? அட்டவணையின் உள்ளே 0.03-ஐத் தேடினால் வெளியே −1.88 கிடைக்கும். 87.1 − (1.88 × 3.05) = 81.4 செமீ. உலக சுகாதார நிறுவனத்தின் பட்டியலில் மூன்றாம் சதமானமாகக் கொடுத்திருப்பதும் இதே 81.4 தான். நாம் கையால் போட்ட கணக்கு அவர்கள் அச்சிட்ட எண்ணோடு ஒத்துப்போவதைப் பார்க்கும்போது மாணவர்கள் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும்.

இசட் மதிப்பின் பெரிய உபகாரம், ஒப்பிடவே முடியாதவற்றை ஒப்பிட வைப்பது. ஒரு வீட்டில் ஐந்து வயது அண்ணன் 102.5 செமீ, மூன்று வயதுத் தங்கை 88.3 செமீ என்று வைத்துக்கொள்வோம். அண்ணன் வயதுக்குச் சராசரி 110.0, திட்ட விலக்கம் 4.6, தங்கை வயதுப் பெண் குழந்தைகளுக்கு 95.1, 3.8. அண்ணன் 7.5 செமீ பின்தங்கியிருக்கிறான், தங்கை 6.8 தான். சென்டிமீட்டரை மட்டும் பார்த்தால் கவலைப்படவேண்டியவன் அண்ணன். இசட் போட்டுப் பாருங்கள்: அவனுக்கு −1.63, அவளுக்கு −1.79. பரப்பில் சொன்னால் அவன் வயதில் அவனைவிடக் குள்ளமானவர்கள் 5.2 சதவீதம், அவள் வயதில் அவளைவிடக் குள்ளமானவர்கள் 3.7 சதவீதம்தான். முதலில் கவனிக்கவேண்டியது தங்கையை.

ஓர் எச்சரிக்கை. இந்தச் சூத்திரம் மணி வடிவம் இருக்கும் இடத்தில்தான் செல்லும். அதே இரண்டு வயதுப் பையன்களின் எடையைப் பாருங்கள். நடு மதிப்பு 12.2 கிலோ. −2-க்கு நேரே 9.7, +2-க்கு நேரே 15.3. கீழே 2.5 கிலோ, மேலே 3.1 கிலோ. இரண்டு பக்கமும் சமமாக இல்லை, மணி வலப்பக்கம் இழுபட்டிருக்கிறது. எடை குறைய ஒரு கட்டுப்பாடு உண்டு, கூட அவ்வளவு இல்லை. அதனால் எடைக்கு அந்தக் கோணலைச் சரிசெய்யும் வேறொரு சூத்திரத்தை வைத்து இசட் மதிப்பைக் கணக்கிட்டிருக்கிறார்கள். வீட்டு வருமானம், ஆஸ்பத்திரியில் காத்திருக்கும் நேரம் போன்றவையும் இப்படி ஒரு பக்கம் இழுபட்டவைதான். அவற்றில் கண்ணை மூடிக்கொண்டு அட்டவணையைத் திறந்தால் வரும் விடை பொய்.

இனி, நான் இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததற்கான காரணம்.

நன்றாக வளரும் பிள்ளைகளில் −2-க்குக் கீழே 2.28 சதவீதம்தான் இருக்கவேண்டும் என்று பார்த்தோம். 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் −2-க்குக் கீழே இருப்பவர்கள் இந்தியாவில் 35.5 சதவீதம், தமிழ்நாட்டில் 25 சதவீதம். நம் பிள்ளைகள் பிறவியிலேயே கொஞ்சம் குள்ளம்தானே என்று பலரும் கேட்பார்கள். அந்தத் தரநிலையை உருவாக்க அளந்த ஆறு இடங்களில் ஒன்று தெற்கு தில்லி. மற்றவை பிரேசில், கானா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய நாடுகளில். வசதியான வீடுகளில் தாய்ப்பால் குடித்து, நோய்நொடி குறைவாக வளர்ந்த சுமார் 8,500 பிள்ளைகள். அவர்களின் உயரத்தில் இருந்த வேறுபாட்டில் ஊருக்கும் ஊருக்கும் உள்ள வித்தியாசத்தின் பங்கு 3 சதவீதம் மட்டுமே. சின்ன வயதில் நல்ல சாப்பாடும் சுத்தமான தண்ணீரும் கிடைத்தால் தில்லிப் பிள்ளையும் ஆஸ்லோ பிள்ளையும் ஏறக்குறைய ஒரே மாதிரி வளர்கிறார்கள்.

இப்போது அட்டவணையைத் தலைகீழாகப் பிடியுங்கள். கீழே 0.25 பரப்பு விழவேண்டுமானால், கோடு நம் பிள்ளைகளின் சராசரியிலிருந்து 0.67 தூரம் கீழே இருக்கவேண்டும். கோடு −2-இல் இருக்கிறது. அப்படியானால் நம் பிள்ளைகளின் சராசரி −2 + 0.67 = −1.33. பரவலின் அகலம் மாறவில்லை என்று வைத்துக்கொண்டு போட்ட தோராயக் கணக்குதான், ஆனால் அது காட்டும் படம் பெரியது: மணி முழுவதுமே இடப்பக்கம் நகர்ந்திருக்கிறது. இந்தியா முழுமைக்கும் இதே கணக்கைப் போட்டால் −1.63. கோட்டுக்குக் கீழே விழுந்த கால்வாசிப் பிள்ளைகள் மட்டும் பிரச்சினை, மேலே இருப்பவர்கள் தப்பித்தார்கள் என்று இதைப் படிக்கக் கூடாது. −1.9-இல் நிற்கும் பிள்ளையும், −0.5-இல் நிற்கும் பிள்ளையும்கூடத் தாங்கள் எட்டியிருக்கக்கூடிய உயரத்தைவிடக் குறைவாகவே நிற்கிறார்கள் என்றுதான் நகர்ந்த மணி சொல்கிறது.

தனி ஒரு பிள்ளைக்கு வரும்போது வேறு மாதிரிப் பார்க்கவேண்டும். அப்பா அம்மா இருவரும் குட்டையாக இருந்து, பிள்ளை ஓடியாடி, மாதாமாதம் தன் போக்கில் வளர்ந்துகொண்டிருந்தால், −2.1 என்ற ஓர் எண்ணை மட்டும் வைத்து நோயாளி என்று முத்திரை குத்த முடியாது. அந்த நூற்றுக்கு இரண்டு பேரில் ஒருவனாக அவன் இருக்கலாம்.

அளவெடுப்பதில் உள்ள பிழையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1 செமீ தப்பினால் இசட் மதிப்பு 0.33 நகர்ந்துவிடும். இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளையைப் படுக்க வைத்தும், அதற்கு மேல் நிற்க வைத்தும் அளக்கவேண்டும். படுத்த அளவு 0.7 செமீ கூடுதலாக இருக்கும் என்று எடுத்துக்கொள்கிறார்கள். அழுது நெளியும் பிள்ளையின் குதிகாலைப் பலகையோடு ஒட்டி, முழங்காலை மடக்கவிடாமல் பிடித்து, தலைப்பலகையை இறக்குவது எவ்வளவு பாடு என்று அன்று பக்கத்தில் இருந்து பார்த்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த அக்கா, பிள்ளைகள் எழுந்ததும் அந்த இரண்டு பேரையும் மறுபடி பலகையில் நிறுத்தினாள். இரண்டாவது பையன் 80.7-ஏ காட்டினான். முதல் பையனுக்குக் குலசாமி கோயிலில் மொட்டை போட இன்னும் முறை வரவில்லை. வளர்ந்த முடியை உச்சியில் இறுக்கிக் குடுமியாகக் கட்டியிருந்தார்கள். ஆயா ரப்பர் பேண்டைக் கழற்றி முடியைப் பிரித்துவிட, அக்கா பலகையை மண்டையில் படும்வரை அழுத்தி இறக்கினாள்.

80.6. இசட் மதிப்பு −2.13.

அக்கா பழைய எண்ணை ஒற்றைக் கோட்டால் அடித்துவிட்டுப் புதியதை எழுதினாள். அடுத்த நாள் காலை இரண்டு பேரின் அம்மாக்களையும் வரச்சொல்லும்படி ஆயாவிடம் சொன்னாள். பிறகு, தூங்கி எழுந்த மற்ற பிள்ளைகளையும் ஒவ்வொருவராகப் பலகைக்கு அழைத்தாள், சடையில் பூ வைத்திருந்தவர்களிடமிருந்து தொடங்கி.